பிறந்த வீட்டு விதை

பந்தலில் அவரை வெள்ளையாகப் பூத்திருந்தது.

மருமகள் கொத்துக் கொத்தாக விலக்கிப் பார்த்தாள்; ஒன்றுகூட ஊதா இல்லை. மாமியார் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அவரை ஊதாவாகத்தான் பூக்கும். வருஷா வருஷம் முற்றின காயை உலர்த்தி, விதையைச் சாம்பலில் புரட்டி டப்பாவில் வைப்பார். அவர் போனபிறகு அது மருமகளின் வேலை.

முதல் வருஷமே கோட்டை விட்டாள். ஈரம் காயாமல் மூடிவிட்டாள். திறந்தால் எல்லாம் பூஞ்சை. யாருக்கும் தெரியாமல் கடையில் விதை வாங்கி நட்டாள்.

இன்று பார்த்து நாத்தனார் வந்திருந்தாள்.

"என்ன இது, வெள்ளை?"

மருமகள் குனிந்து உதிர்ந்த பூக்களைப் பொறுக்கினாள்.

"அம்மா அதை உயிரா வச்சிருந்தாங்க. ஒரு டப்பாவைப் பாத்துக்க முடியல உன்னால?"

பந்தலடியில் சாய்வு நாற்காலியில் கண்மூடிக் கிடந்தார் மாமனார். இலை அசைய அசைய வெயில் அவர் முகத்தில் நீந்தியது. தூக்கத்தில் பேசுவதுபோலச் சொன்னார்.

"உங்கம்மா கொண்டாந்தது வெள்ளைதான்."

"என்னப்பா சொல்றீங்க? எனக்கு நினைவு தெரிஞ்ச நாளா ஊதாதானே?"

"அது நீ பொறக்கறதுக்கு முன்னாடி. விதையை எலி தின்னுடுச்சு. அப்புறம்தான் கடையில ஊதா வாங்கினா. இவதான் தேடிப்பிடிச்சு மறுபடி வெள்ளையைக் கொண்டாந்திருக்கா."

நாத்தனார் ஒரு பூவைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்ப அம்மா சின்ன வயசுல இதைத்தான் பாத்திருப்பாங்க, இல்ல?"

முற்றியதும் தனக்குக் கொஞ்சம் விதை வேண்டும் என்று மருமகளின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் தெரு திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, மருமகள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நிஜமாவே வெள்ளையா மாமா?"

"யாருக்குத் தெரியும்?" கண்ணைத் திறக்காமலே சிரித்தார். "அது பூக்கவே இல்லையேம்மா."

"எலி தின்னதுன்னு சொன்னீங்களே?"

"எலியாவது ஒண்ணாவது. கல்யாணமான புதுசு, நல்ல பசி. சமையலுக்குன்னு நினைச்சு மொத்தத்தையும் நான்தான் வேகவச்சுத் தின்னுட்டேன்."

மருமகளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"அத்தை என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல. கடையில ஊதா வாங்கி நட்டா. சாகிற வரைக்கும் அதைத்தான் அம்மா வீட்டு விதைன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா."