வழக்கில் இல்லாத பெயர்

மயிலிட்டித் துறைமுகத்தில் உச்சி வெயில். வலையிலிருந்து சூடை மீனைக் கழற்றிக்கொண்டிருக்கும் சுவர்ணாவின் முன்னால் பொலிஸ்காரர் பிரணவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். பதினாறு வருஷத்துக்கு முன் பஸ்ஸில் வெடித்த குண்டில் அவளுடைய புருஷன் செத்துப்போனான். அந்த வழக்கில் பிடிபட்டவனை நேற்று நீதிமன்றம் விடுதலை செய்துவிட்டதென்று சொல்ல வந்திருக்கிறார். "அடிச்சு வாங்கின வாக்குமூலமாம் அக்கா. வேறை சாட்சி ஒண்டும் இல்லை." அவளுடைய விரல்கள் வலைக்கண்ணில் நின்றுவிடுகின்றன. செதிள் மினுங்கும் சீமெந்துத் தரையில் காகங்கள் இறங்குகின்றன, அவள் துரத்தவில்லை.

"அப்ப குண்டு வைச்சது ஆர்?"

"உவன் ஒப்புக்கொண்ட உடனை மற்ற ஆக்களைத் தேடுறதை விட்டிட்டினம்."

"இனித் தேடுவியளோ?"

பிரணவன் விடுதலையை அறிவிக்கும் கடிதத்தை நீட்டி, கிடைத்ததென்று கையெழுத்துக் கேட்கிறார். அவள் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக் கையெழுத்து வைக்கிறாள். பேனையைத் திருப்பிக் கொடுக்காமலே கேட்கிறாள்: "அந்தப் பெடியனுக்குத் தாய் இருக்கிறாவோ?"

"போன வருஷம் செத்திட்டா, அக்கா."

"ஒவ்வொரு வெள்ளியும் அம்மன் கோயிலடியிலை அவவுக்கும் சேர்த்துத்தான் மண் அள்ளித் தூத்தித் திட்டினனான்."