பெடல் இல்லாத கார்

சுபத்ரா வரைந்த அந்தக் கார் எந்தச் சாலைக்கும் வரப்போவதில்லை. ஒரு பந்தய வீடியோ கேமுக்காக மட்டும் அவள் வேலை பார்க்கும் கார் கம்பெனி அதைக் கேட்டிருந்தது. இஷ்டம்போல் வரையலாம் என்று சொன்னதும் அவள் பெடல்களை எடுத்துவிட்டு, வேகத்தையும் பிரேக்கையும் ஸ்டீயரிங்கிலேயே வைத்தாள். கேம் தயாரானதும் சகாயராஜுக்குப் போன் செய்தாள்.

சகாயராஜ் அதே கம்பெனியில் புதுக் கார்களை ஓட்டிப் பார்க்கும் டிரைவராக இருந்தவர். மூன்று வருடங்களுக்கு முன், அவள் வரைந்த கார் ஒன்று சோதனைத் தடத்தில் உருண்டதில் அவருக்கு இரண்டு கால்களும் செயலிழந்துவிட்டன. அதன்பிறகு அவரைப் பார்க்கப் போக அவளுக்கு முகமில்லை.

போனில் அழைத்ததும் ஆபீசுக்கு வந்த அவர், சக்கர நாற்காலியைத் திரைக்கு முன்னால் நிறுத்தி ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதல் வளைவிலேயே கார் சுவரில் மோதியது. சுபத்ரா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகலம்மா, கண்ணத் தொறங்க," என்றார்.

அரை மணி நேரத்தில் வளைவுகள் அவருக்குப் பிடிபட்டுவிட்டன. எல்லைக்கோட்டைத் தாண்டிக் காரை ஓரங்கட்டினார்.

"திரும்புறப்ப பின்பக்கம் லேசா ஒதுங்குது. மத்தபடி நல்ல வண்டி."

பழைய வழக்கப்படி அவள் அதைக் குறித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா இதுலருந்து எறங்குறது?"

"கதவு தொறக்காதுண்ணே. கேம்ல யாரு எறங்கப்போறாங்கன்னு நான் அதை வரையல."



"நல்லதாப் போச்சு," என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி வண்டியைக் கிளப்பினார்.