அழித்த பெயர்

போர்க்காலச் சாட்சியின் பிள்ளையை எல்லைக் காவல் வேலைக்கு எடுக்க மாட்டார்கள். அதனால்தான் பாரிஸில் குகதாசன் தன் மகளுக்காக மறக்கப்படும் உரிமையைக் கேட்டு வாங்கினார். ஐரோப்பியச் சட்டம் அவருடைய பெயரையும், அந்தப் பெயரில் அவர் சொன்ன அனைத்தையும் துடைத்தெடுத்தது. உலக நீதிமன்றத்தில் அவர் கொடுத்த சாட்சியமும் அதோடு போயிற்று. நீதிமன்றத்தின் சட்டமும் ஐரோப்பியச் சட்டமும் மோதினால் இங்கே ஐரோப்பாவின் சொல்தான் செல்லும். இனி அந்தப் பெயருக்கு ‘ஓம், நான்தான்’ என்றால் அழித்ததெல்லாம் திரும்பி வந்துவிடும். மகளின் வேலை போய்விடும்.

போரில் காணாமல்போன நிமலனின் பிறந்தநாளன்று, வன்னியிலிருந்து அவனுடைய தாய் தையல்நாயகி அக்கா வழக்கம்போல் அழைத்தார். நிமலனைப் படையினர் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போனதைக் கண்ட ஒரே ஆள் குகதாசன். அதை வருடா வருடம் அவர் வாயால் கேட்டால்தான் அக்காவுக்கு அன்று சோறு இறங்கும்.

“சாட்சி இல்லையெண்டு நிமலன்ர வழக்கைத் தள்ளுபடி செய்திட்டினம். குகதாசன் தம்பிதானே கதைக்கிறது?”

சீருடையோடு மகள் எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாய்வரை வந்த ‘அக்கா’வை அவர் விழுங்கினார்.

“அப்பிடி ஒருத்தரும் இஞ்ச இல்லை, அம்மா.”

அந்தக் குரல் அக்காவுக்குத் தெரியாதா?

“சரி ராசா. அவரைக் கண்டால் நான் கோவிக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. பிள்ளையள் இருக்கிறவைக்குப் பயம் இருக்கும்தானே.”