அடுப்புப் பக்கத்தில் போன்

குடித்தால்தான் ஞானதிரவியத்துக்கு மகளிடம் பேச வாய் வரும். குடித்துவிட்டுப் பேசினால் எஸ்தர் போனை வைத்துவிடுவாள். இன்று குடிக்காமல் கூப்பிட்டார்.

"அப்பாதாம்மா" என்றதற்கு மேல் வரவில்லை. தெருமுனையில்தான் கடை. ஒரு கட்டிங் போட்டால் எல்லாம் வந்துவிடும். போனை வைத்துவிடலாம் என்று விரல் போனது.

"யப்பா, வச்சிராதீய. குடிச்சிருந்தா இதுக்குள்ள ஊர்க்கதையெல்லாம் பேசியிருப்பீய. பேச்சு வராட்டா என்ன, சும்மா லைன்ல இருங்க. நான் சமைச்சுக்கிட்டு இருக்கேன்."

போனை அடுப்புப் பக்கத்தில் வைத்தாள் போல. கடுகு வெடித்தது. கரண்டி சட்டியில் உரசியது. பிறகு, அவர் இன்னும் பார்த்திராத பேரனின் குரல் கேட்டது:

"போன்ல யாரும்மா?"

இரண்டு கைகளாலும் அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.