பிக்கப்பில் ஏறிய மதராசி

"அன்னைக்கு சைக்கிள்ல போனது நாலு பேரு. அத்தான், நானு, கிளார்க் ஆனந்தராசா, இன்னா தலையத் தொங்கப் போட்டுட்டு நிக்கான் பாருங்க, இந்த இன்பமணி. அஞ்சாவதா தண்ணி வண்டி ஓட்டிட்டு வந்த பட்டான் டிரைவரு. வேற ஒரு ஈ காக்கா கெடையாது" என்றார் செல்வசிங்.

வளைகுடா நகரத்தில், தன் கராமா ஃபிளாட்டின் முன்னறையில் தேவசுந்தரம் நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஜெபல் அலியில் ஃபோர்மேன். ஐம்பத்தாறு வயது. கொடுத்த வாக்கை மாற்றியதில்லை, யாரிடமும் கை நீட்டியதில்லை என்று பெயர் எடுத்தவர். செல்வசிங் அவர் மனைவியின் தம்பி. மகள் அற்புதராணி ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, நர்ஸ் சீருடையைக்கூட மாற்றாமல் கதவோரம் நின்றாள். அவளுக்குப் பேசி வைத்திருந்த மாப்பிள்ளைதான் இன்பமணி. ஞாயிறு ஆராதனையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கும்படி ஊர்க் கோயிலுக்கு இன்று கடிதம் எழுதுவதாக இருந்தது.

போன வாரம், டிசம்பர் விடுமுறையில், மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரை இரண்டு நாள் சைக்கிள் பயணம். ஏற்பாடு முழுவதும் தேவசுந்தரத்துடையது. பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளையின் மூச்சைப் பார்க்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். முதல் நாள் மணல்வெளியைத் தாண்டி தைத் ஊரில் தங்கினார்கள். மறுநாள் மலைப்பாதை. புறப்படும்போது ஒரு சட்டமும் போட்டார்.

"பின்னால வாற பிக்கப் வண்டி, தண்ணிக்கு மட்டுந்தான். அதுல ஏறுனவன் என் வீட்டுப் பக்கம் வரக் கூடாது."

அந்தச் சட்டம்தான் இப்போது வீட்டுக்குள் வந்து நின்றது.

"மசாஃபி மேட்டுல எதுத்தாப்புல காத்து. கல்லு லாரி ஒண்ணொண்ணும் தோள உரசிட்டுப் போவுது. நானும் ராசாவும் திரும்பிப் பாக்காம மிதிச்சிட்டோம். புஜைரா கடக்கரையில மொதல்ல நாங்க. பொறவு அத்தான். இவன் ஆடி அசஞ்சு முக்கா மணி நேரம் கழிச்சு வாரான்" என்றார் செல்வசிங்.

"நாங்கள் ஒண்டும் காணேல்லை" என்றார் ஆனந்தராசா. யாழ்ப்பாணத்துக்காரர்; அளந்து பேசுவார். "டிரைவர் லீவிலை போற அவசரத்திலை சொன்னவர். மேட்டிலை ஒரு மதராசி சைக்கிளோடை ஏறினவனாம், ஊருக்குக் கிட்ட இறங்கினவனாம். ஆளின்ரை பேர் தெரியாது. அவருக்கு நாங்கள் எல்லாரும் மதராசிதான், என்னையும் சேர்த்து."

"பேரு எதுக்கு ஓய்? பிக்கப்ல வந்தவன் சீக்கிரம் வந்தா குட்டு வெளிப்பட்டுரும்லா? ஊருக்கு வெளிய ஒக்காந்து நேரத்தப் போக்கிட்டு, கடேசியா வந்திருக்கான். மூளக்காரன்தான்! லேபர் கேம்ப்ல 'பிக்கப் மாப்ள'ன்னு பேரே வச்சுட்டானுவ. வெள்ளிக்கிழம கோயில் வாசல்ல என்கிட்டயே நாலு பேரு கேட்டாவ."

அற்புதராணியால் பொறுக்க முடியவில்லை.

"நீங்க ஏறலன்னா ஏறலன்னு சொல்லுங்களேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லுததுக்கு ஒண்ணுமில்ல" என்றான் இன்பமணி. தரையைத்தான் பார்த்தான்.

"பாத்தீளா அத்தான்! இல்லன்னு சொல்ல நாக்கு வரல. ஒரு மேட்டுக்குத் தாங்காதவன் நாளைக்கு நம்ம பிள்ளய வச்சு எப்படித் தாங்குவான்? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்கு. கடிதாசிய எழுதாதீங்க. இதோட முடிச்சுருவோம்."

தேவசுந்தரம் கேட்டார்.

"யாரு ஏறுனான்னு நீரு கண்ணால பாத்தீரா?"

"இல்ல. ஆனா..."

"எனக்குத் தெரியும். எந்த வளைவுல ஏறுனது, எந்தப் பேரீச்சந் தோட்டத்துப் பக்கம் இறங்குனது, எல்லாம் தெரியும்."

அற்புதராணியின் கண்கள் கலங்கின.

"அப்படின்னா இந்த ஒரு வாரமா ஏம்ப்பா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு தாயி."

இன்பமணி முதன்முறையாகத் தலை நிமிர்ந்தான். "மாமா, வேண்டாம். இத்தோட விட்ருங்க. நான் ஊருக்குப் போயிருதேன்."

"இப்பம் கெஞ்சுதான் பாரு!" என்றார் செல்வசிங்.

அற்புதராணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேவசுந்தரம் எழுந்தார். நாற்காலியின் கையை ஒரு கணம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அதை விட்டுவிட்டு நேராக நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கேம்ப்லயும் கோயில்லயும் இத இப்படியே சொல்லணும். இன்பமணி பிக்கப்ல ஏறுனான்னு பேசுதது பொய். நெஞ்சப் புடிச்சிட்டு ரோட்டோரத்துல விழுந்தவனத் தூக்கி அதுல ஏத்திவிட்டான், வெளிய சொல்லாதன்னு அந்த ஆளு கேட்டதுக்காக வாயத் தொறக்காம இருக்கான், புஜைரா வரைக்கும் மிதிச்சேதான் வந்தான். ஏறுனது நான்."