சர்வீஸ் ரிப்போர்ட்

"மெஷின் போச்சு சிஸ்டர். வலது கையில நூத்தி எண்பது காட்டுது, இடது கையில நூத்திப் பத்து. ஒரே ஆளுக்கு ரெண்டு பிரஷரா?"

திருப்போரூர் கிளினிக்கில் பிரஷர் மெஷினை சர்வீஸ் பண்ண வந்திருந்த அருணகிரி உதட்டைப் பிதுக்கினார்.

நர்ஸ் பிரபா பட்டையை வாங்கித் தன் கைகளில் மாற்றி மாற்றிக் கட்டிப் பார்த்தாள். இரண்டிலும் நூற்றிருபது.

"மெஷின் நல்லாத்தான் கீதுண்ணா. ஆளுக்கு நெஞ்சு வலி எதுனா இருந்துச்சா?"

"காலையில கிழிக்கிற மாதிரி வலிச்சு முதுகுக்குப் போச்சு. கேஸ்தான். ஒரு சோடா உள்ள போனதும் அடங்கிடுச்சு."

பிரபா உடனே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

செங்கல்பட்டில் ஸ்கேன் எடுத்தார்கள். இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, இடது கைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்திருந்தது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா வெடிச்சிருக்கும்" என்றார் சர்ஜன். கிழிந்த பாகத்தை வெட்டியெடுத்து, செயற்கைக் குழாய் வைத்துத் தைக்க எட்டு மணி நேரம் ஆனது. ஆபரேஷன் ஜெயித்தது.

மூன்று மாதம் கழித்து அருணகிரி அதே கிளினிக்குக்கு வந்தார்.

"அன்னிக்கு ரிப்போர்ட் எழுதாமலே கிளம்பிட்டேன் சிஸ்டர். ஆபீஸ்ல கேட்டுக்கினே கீறாங்க."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, நின்றபடியே எழுதி நீட்டினார். பிரபா படித்தாள்.

"வழக்கம்போல் மெஷினை என் இரண்டு கைகளிலும் கட்டிச் சோதித்தேன். மெஷினில் பழுது இல்லை. பழுது மெக்கானிக்குக்குத்தான். இப்போது நன்றாக ஓடுகிறார். கண்டுபிடித்தவர்: சிஸ்டர் பிரபா."