கடலை சேராத வீடு

மகளின் கல்லூரிப் பையில் தையல் விட்டுப் போயிருந்தது. அதை ஒட்டுப் போடத்தான் தையல்காரி எடுத்தாள். உள்துணிக்கு அடியில் நாலாக மடித்த காகிதம் விரலில் தட்டுப்பட்டதும் நெஞ்சு திக்கென்றது. பத்தொன்பது வயசுப் பெண் ஒளித்து வைக்கிற காகிதம் வேறென்னவாக இருக்கும்?

பிரித்தாள். காதல் கடிதம் இல்லை, ஆஸ்பத்திரிச் சீட்டு. எழுத்துக் கூட்டி இரண்டு தடவை படித்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. மருத்துவர் முன்னிலையில் சாப்பிட வைத்துச் சோதித்தாயிற்று. நிலக்கடலை ஒவ்வாமை இப்போது இல்லை. தேதியைப் பார்த்தாள். ஆறு மாதம் ஆகியிருந்தது.

மகளுக்குப் பதினொரு வயசு அப்போது. அன்றைக்கும் வழக்கம்போலத் தாமதமாக வந்த வீட்டுக்காரர், சட்டைப் பையில் மீதமிருந்த வறுகடலைப் பொட்டலத்தை மகளிடம் நீட்டினார். பிள்ளை வேண்டாம் என்றுதான் தலையாட்டியது. "அப்பா ஆசையா குடுக்கறாரு, வாங்கிக்கோ" என்று சொன்னது இவள்தான்.

கால் மணி நேரத்தில் உதடு வீங்கி, பிள்ளைக்கு மூச்சு இழுத்துக்கொண்டது. ஊசி போட்டுக் காப்பாற்றிய டாக்டர், கடலையைக் கண்ணிலேயே காட்டாதீர்கள், அவசரத்துக்கு இந்த ஊசி கையோடு இருக்கட்டும், மற்றபடி இதற்கு மருந்து கிடையாது என்று சொல்லி அனுப்பினார்.

மருந்து இல்லை என்றால் மனசு கேட்கிறதா? விடிந்ததும் இஞ்சிச் சாறு, சாயங்காலம் மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்ட கஷாயம். எண்ணெய் வாங்கினால் கடையிலேயே மோந்து பார்ப்பாள். விருந்துக்குப் போனால் மகளுக்குத் தனி டப்பா. தான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எதைக் காய்ச்சிக் கொடுத்தும் கழுவ முடியவில்லை அவளுக்கு.

வீட்டுக்காரரும் ஆளே மாறிவிட்டார். பட்டறையில் வேலை முடிந்தால் நேரே வீடு. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு இஞ்சி சீவ உட்கார்ந்துவிடுவார். ஒரு காலத்தில் காலையில் டம்ளரைப் பிடிக்கவே நடுங்கிய கை, இப்போது நூல் பிடித்த மாதிரி சீவுகிறது.

மகள் அறைக்குள் வந்தாள். அம்மா மடியில் கிடந்த சீட்டைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

நேற்றுக்கூடக் கை அரிக்கிறது என்று சிணுங்கினாளே, அப்பா பதறிப்போய்ப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாரே. அத்தனையும் நடிப்பா? வீட்டு வேலைக்கு டிமிக்கி கொடுக்கவா, செல்லம் கொஞ்சவா?

"ஏன்டி மறைச்சே? எட்டு வருஷமா என் தப்பு, என் தப்புன்னு உள்ளுக்குள்ள செத்துக்கிட்டிருக்கேன்டி நான்."

மகள் தரையைப் பார்த்தபடி நின்றாள். "எனக்கும் குத்துதும்மா. நீ கஷாயத்தை நீட்டறப்பல்லாம் குத்துது."

தையல்காரிக்குக் கோபம் ஒரு பக்கம், பெண்ணுக்கு இனி ஆபத்து இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அழுகையும் வந்தது. சமையலறையில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பாவம், அந்த மனுஷரும்தானே இத்தனை வருஷமாகப் பெற்ற மகளிடமே தலைகுனிந்து நடக்கிறார். முதலில் அவரிடம் சொல்லியாக வேண்டும். சீட்டோடு எழுந்தாள்.

"என்னங்க..."

மகள் பாய்ந்து வந்து அவள் வாயைப் பொத்தினாள். கை சில்லிட்டிருந்தது.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதேம்மா," என்றாள், குரலே எழும்பாமல். "எனக்குச் சரியாயிடுச்சுன்னு தெரிஞ்சா, மறுபடியும் குடிக்க ஆரம்பிச்சிடுவாரு."